மௌனா லானி வீடு பத்தி சண்முகத்துக்கு

மாப்ள சண்முகம்,

ஹவாய்ல மௌனா லானி ரிசார்ட்ல வீடு வாங்கலாமான்னு கேட்டு நீ எழுதுன லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் லேட்டானதுக்கு கோச்சுக்காத. வாங்கு வாங்காதன்னு போன்லயே ஒத்த வார்த்தைல சொல்லியிருக்கலாம்தான், ஆனா அது நீயும் மீனாவும் இருபத்தஞ்சு வருஷம் வாயக்கட்டி வயித்தக்கட்டி சேத்த காசு, அதான் ரெண்டு சனிக்கிழமை கீழ இறங்கிப் போய் நிதானமா சுத்திப் பாத்துட்டு வந்து உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். வாணிக்கு முட்டிவலி இப்ப தேவலாம், காலைல நடக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு டெலஸ்கோப் ஆபீஸ்ல இன்னும் மூணு வருஷம் ஓடும்னு நினைக்கிறேன்.

நீ இந்த ஊருக்கு வந்தது 2011ல, அதுவும் நாலே நாள், அதனால முதல்ல இடத்தச் சொல்றேன். நாங்க இருக்குற வைமியா 2,600 அடிக்கு மேல, சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாம வெளிய நிக்க முடியாது, எப்பவும் ஒரு தூறல். அங்கருந்து கார்ல அரை மணி நேரம் இறங்குனா கோஹாலா கரை, அங்க வருஷத்துக்கு பத்து இஞ்ச் மழை பெஞ்சாலே பெருசு, இதே தீவுல அந்தப் பக்கம் ஹீலோல 120 இஞ்சுக்கு மேல கொட்டுது. மழை இல்லாத அந்த வெயிலுக்காகத்தான் ரிசார்ட் எல்லாம் இந்தக் கரையில வரிசையா உக்காந்துருக்கு. அமெரிக்கப் பணக்காரக் குடும்பத்து லாரன்ஸ் ராக்ஃபெல்லர் 1965ல மௌனா கேயா பீச் ஹோட்டலத் திறந்தாரு, அதுக்கு முந்தின வருஷமே கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிற ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் அங்க கோல்ஃப் கோர்ஸ் போட்டுட்டாரு, லாவா பாறைய நொறுக்கிப் பொடியாக்கி அதையே மண்ணாக்கி புல்லு வளத்தாங்க. அப்புறம் மௌனா லானி, வைகொலோவா, தெக்க ஹுவாலாலாய்னு ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் ஹோட்டல், ஹோட்டல சுத்தி கோல்ஃப், கோல்ஃப சுத்தி வீடுன்னு அதே அமைப்பு. ஒரு விஷயம் மறக்காத, வைகொலோவா வில்லேஜ் வேற, வைகொலோவா பீச் ரிசார்ட் வேற, வில்லேஜ் மலை மேல ஆறு மைல் தள்ளி இருக்கு, நீ அனுப்புன லிஸ்டிங்ல ஒண்ணு அங்கதான், அங்கருந்து கடலுக்கு நடந்தெல்லாம் போக முடியாது.

மௌனா லானி அழகுதான்டா, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. கரேர்னு லாவா, அதுக்கு நடுவுல பச்சப்பசேல்னு ஃபேர்வேங்கற கோல்ஃப் புல்தரை, அதத் தாண்டி நீலம். சவுத் கோர்ஸ்ல பதினஞ்சாவது ஹோல், அலை வந்து மோதுற பாறைக்கு மேலதான் அடிக்கணும், ஒரு வயசானவரு ரெண்டு பந்தக் கடல்ல விட்டுட்டு மூணாவதுல குழி இருக்குற க்ரீன்ல போட்டதும் கூட இருந்தவங்க எல்லாம் கைதட்டுனாங்க, எனக்கே ஒரு தடவை அடிச்சுப் பாக்கலாம்னு இருந்துச்சு. வீட்டுக் கூட்டங்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. மௌனா லானி பாயிண்ட் கடலோரமாவே இருக்கு, டெரஸுங்கறது ஹோட்டலுக்கும் மீன்குளத்துக்கும் பக்கத்துல, பாம் வில்லாஸும் ஃபேர்வேஸும் உள்ள தள்ளி கோல்ஃபப் பாத்தபடி, கா மீலோ, குலாலானி எல்லாம் பின்னால வந்தது. உள்ள தள்ளி இருக்குறதுலயே ரெண்டு பெட்ரூம் நல்லதா வேணும்னா மில்லியன் டாலரச் சுத்திதான் பேச்சு, கடலுக்கு நேரா இருக்குறது நம்ம கைக்கு எட்டாது.

எனக்கு அங்க ரொம்பப் புடிச்சது காலாஹுய்புவா மீன்குளங்கதான். ஹோட்டலுக்குப் பக்கத்துல தென்னைமரத்துக்கு நடுவுல பழைய ஹவாய்க்காரங்க கட்டுன குளங்க, ஊத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்து நிக்குது. கடலுக்குப் போற வாய்க்கால்ல மக்காஹானு ஒரு மரக்கதவு, குச்சிய நெருக்கமா நட்டு வச்ச மாதிரி, அந்த சந்துல குஞ்சுமீன் உள்ள நுழைஞ்சிரும், உள்ள தின்னு பெருத்த மீனு அதே சந்துல வெளிய போக முடியாது. நான் அரை மணி நேரம் குத்தவச்சுப் பாத்தேன். உள்ளங்கை நீளத்துக்கு மடவை, கூட்டமா வந்து கதவுல மூக்க வச்சு மோந்துட்டு திரும்பித் திரும்பிப் போகுது. உங்க அப்பா தூத்துக்குடில பழையகாயல் பக்கம் கூட்டிட்டுப் போய் மடவை வாங்கிக் குடுத்தாரே, அதே மீனு. அவரு இருந்தா அந்தக் கதவப் பாத்துட்டு எந்திரிச்சே வந்துருக்க மாட்டாரு. இந்த இடம் ஃபிரான்சிஸ் ஈ பிரவுனுங்கறவரோடதா இருந்துச்சு, ஹவாய் ரத்தம், சட்டசபைல இருந்தவரு, பெரிய கோல்ஃப் சாம்பியன், அவரு பேர்லதான் அந்த கோர்ஸ். கொஞ்சம் வடக்க நடந்தா புவாகோ பாறைச் சித்திரங்க, 3,000க்கும் மேல.

இப்ப பத்திர விஷயத்துக்கு வர்றேன். ஹவாய்ல வீடு பாத்தா முதல் கேள்வி ஃபீ சிம்பிளா லீஸ்ஹோல்டாங்கறதுதான். ஃபீ சிம்பிள்னா நம்ம ஊர்ல பட்டா நம்ம பேர்ல இருக்குற மாதிரி. லீஸ்ஹோல்டுன்னா கட்டடம் உனக்கு, அடிநிலம் வேற ஒருத்தருக்கு, குத்தகை முடியுற அன்னைக்கு நிலத்தோட வீடும் சேந்து அவங்ககிட்ட போயிரும், நடுவுல வாடகைய ஏத்துற வருஷம் வேற வரும். 2009ல நானும் வாணியும் கைலுவா கோனால கடலோரமா ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, பாத்தோம், விலை பக்கத்துல உள்ளதுல பாதி, எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அட்வான்ஸ் குடுக்கப் போற நேரம் வாணிதான் பேப்பர ஒவ்வொரு பக்கமா வாசிச்சா, இருவத்தி சொச்சம் வருஷம்தான் குத்தகை பாக்கி. காட்டுன ஏஜென்ட் அதுவரைக்கும் அந்த வார்த்தைய வாயிலேயே எடுக்கல. அன்னைலருந்து நான் விலை கம்மின்னு யாரு சொன்னாலும் அடிநிலம் யாருதுன்னுதான் முதல்ல கேக்குறேன். நீ அனுப்புன மூணும் ஃபீ சிம்பிள்தான், பாத்துட்டேன், பயப்படாத.

ரெண்டாவது மாசாமாசம் கட்டுற மெயின்டனன்ஸ். ஆயிரம் டாலர சாதாரணமாத் தாண்டும், அது போக ரிசார்ட் அசோசியேஷனுக்கு தனியா. மாவி தீவுல லஹைனா ஊர்த் தீ 2023 ஆகஸ்ட் 8ல வந்துச்சே, நூறு பேருக்கு மேல போயிட்டாங்க, அதுக்கப்புறம் காண்டோ கட்டடங்களோட இன்சூரன்ஸ் மாநிலம் முழுக்க ஏறிருச்சு, அதெல்லாம் கடைசில இந்த மெயின்டனன்ஸ்லதான் வந்து விழும். அதனால விலையப் பாக்குறதுக்கு முன்னாடி அசோசியேஷனோட ரெண்டு வருஷ மீட்டிங் குறிப்பும் ரிசர்வ் கணக்கும் கேட்டு வாங்கு, கூரை மாத்த காசு வச்சிருக்காங்களான்னு பாரு. உப்புக்காத்து லேசுப்பட்டதில்ல, நான் பாத்த ஒரு வீட்டுல ஏசி வெளிப்பொட்டியத் தொட்டா துரு கையோட வருது, ஆணித்தலை எல்லாம் பொரிஞ்சு நிக்குது, பெயின்ட் மட்டும் புதுசு. கரண்ட் விலை அமெரிக்காலயே இங்கதான் அதிகம். நீ வராத மாசத்துல வாடகைக்கு விட்டா கட்டுப்படியாகும்னு எழுதியிருந்தே, ரிசார்ட் ஏரியாங்கறதால விடலாம், ஆனா மாநில வரி 2026லருந்து 11 சதவீதம், கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, அதுக்கு 3 சதவீதம், அது மேல பொது வரி 4.5, மேனேஜ் பண்றவங்க பங்கு தனி. என் கணக்குல கையக் கடிக்காம இருந்தாலே பெருசு.

எரிமலை பத்தி மீனா கேட்டாளாம். தீவ ஒன்பது லாவா ஜோனாப் பிரிச்சிருக்காங்க, ஒண்ணு ரொம்ப ஆபத்து, ஒன்பது கம்மி. மௌனா லானி மூணு, ஹுவாலாலாய் நாலு. மௌனா லோவா எரிமலையோட 1859 லாவா எட்டே நாள்ல ஓடிவந்து இதே கரையில கிஹோலோல கடல்ல விழுந்துச்சு, கோனா ஏர்போர்ட்டே 1801 லாவா மேலதான் இருக்கு. 2022 நவம்பர்ல மௌனா லோவா வெடிச்சப்ப எங்க வாசல்லருந்தே வானம் செவசெவன்னு தெரிஞ்சுது, தீவக் குறுக்க கடக்குற சேடில் ரோட்டுக்கு ரெண்டு மைலுக்கும் கம்மியான தூரத்துல வந்து நின்னுச்சு. நான் லாவாவ விட காஞ்ச புல்லுக்குத்தான் பயப்படுறேன், 2021ல வைமியா பக்கம் 40,000 ஏக்கர் எரிஞ்சு நாங்களே மூட்ட கட்டி கார்ல வச்சுட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தோம்.

மாவி தீவுல கபாலுவா ரிசார்ட்டும் பாக்கலாமான்னு கேட்ட. அங்க தண்ணிப் பஞ்சம்டா, புல்லு காஞ்சு போய் ஜனவரி 2026ல நடக்க வேண்டிய பிஜிஏ கோல்ஃப் போட்டியே நடக்கல. அது மட்டுமில்ல, 1980கள் கடைசில அங்க ஹோட்டல் கட்டத் தோண்டுனப்ப ஹோனோகாஹுவா மணல்மேட்டுல ஆயிரத்துக்கு கிட்ட ஹவாய் முன்னோர்களோட எலும்பு வந்துச்சு. ஜனங்க கூடி நின்னு தடுத்தாங்க. ஹோட்டல மேட்டுக்கு நகத்திக் கட்டி, எடுத்த எலும்ப திரும்ப அங்கயே அடக்கம் பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் 1990ல ஒவ்வொரு தீவுக்கும் அடக்க இடங்களப் பாத்துக்க கவுன்சில் வச்சு சட்டம் வந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா இந்தக் கரையில காலி நிலம்னு ஒண்ணு கிடையாது மாப்ள. நம்ம கண்ணுக்கு வெறும் கருங்கல்லா தெரியுற இடத்துல யாரோ ஒருத்தரோட பாட்டன் பூட்டன் படுத்துருக்கான். எனக்கு இது 2019லதான் உறைச்சுது. மௌனா கேயா மலைமேல புது டெலஸ்கோப் வேண்டாம்னு பெரியவங்க ரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்தப்ப முப்பது பேருக்கு மேல கைது பண்ணாங்க, அதுல எங்க ஆபீஸ் சிநேகிதரோட அத்தையும் ஒருத்தர். அந்த சிநேகிதரு மறுநாள் வேலைக்கு வந்து என் பக்கத்து சீட்ல உக்காந்தாரு, ஒரு வார்த்தை பேசல, எனக்கும் என்ன பேசறதுன்னு தெரியல.

ரெண்டாவது சனிக்கிழமை வேணும்னே பொழுது சாஞ்சப்புறம் போனேன். ராத்திரி ஏழரைக்கு அந்த கோல்ஃப் பாதையில நடந்து எண்ணிப் பாத்தேன், வரிசையா இருவத்தி நாலு வீடு, லைட் எரிஞ்சது மூணுல. ஸ்பிரிங்ளர் மட்டும் சர்ர் சர்ர்னு ஓடுது. வராண்டாவுல நாற்காலிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி துணி போட்டு கட்டி வச்சிருக்கு. எங்க தெருவுல ஒரு ஆன்ட்டி, இங்கயும் நம்மள மாதிரியே பெரியவங்கள அங்கிள் ஆன்ட்டின்னுதான் கூப்புடுவாங்க, அந்த வீடுகளத்தான் துடைச்சுப் பெருக்குறாங்க. காலைல அஞ்சு மணிக்கு அவங்க கார் கிளம்புற சத்தத்துலதான் நான் முழிக்கிறதே. அவங்க புருஷன் ஹவாய் பூர்வகுடிகளுக்குன்னு ஒதுக்குன நிலத்துக்கு பேரு குடுத்துட்டுக் காத்திருந்தே செத்துட்டாரு, அந்த வரிசையில 28,000 பேருக்கு மேல நிக்கிறாங்க. மக வாடகை கட்ட முடியாம லாஸ் வேகஸ் போயிட்டா. 2020 சென்சஸ்ல ஹவாய் பூர்வகுடிகள்ல பாதிக்கு மேல ஹவாய்க்கு வெளியதான் இருக்காங்கன்னு வந்துச்சு. ஆன்ட்டிகிட்ட என் சிநேகிதன் ஒருத்தன் மௌனா லானில வீடு பாக்குறான்னு சொன்னேன். கோவப்படல. "இங்க வந்து இருப்பாரா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல வரல, ஏன்னா நீ எழுதுனது வருஷத்துக்கு ஆறு வாரம்.

அதனால என் மனசுல உள்ளத சொல்லிடறேன். ஆறு வாரத்துக்காக வாங்காத. அந்தக் காசுக்கு வருஷாவருஷம் வாடகைக்கு எடுத்து இருந்துட்டுப் போகலாம், மிச்சமும் ஆகும். ஆனா ரிட்டையர் ஆகி ரெண்டு பேரும் இங்கயே வந்து இருக்குறதா இருந்தா, வா, நானே கூட நின்னு பத்திரம் முடிச்சுத் தர்றேன், கோல்ஃபப் பாத்த வீடுதான்னு இல்ல, வைமியாலயோ வைகொலோவா வில்லேஜ்லயோ பக்கத்துவீட்டுக்காரங்க இருக்குற தெருவுல பாப்போம். வைமியால ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய வைத்தியம்னா ஹொனலுலுக்கு பிளேன்தான், மீனாவோட சுகரையும் வச்சு யோசி. கடலுக்கு வீடு வேணும்னு இல்ல, ஹவாய்ல கடற்கரை எல்லாருக்கும் பொது, ரிசார்ட் கேட்ல பப்ளிக் பீச்னு சொன்னா உள்ள விடணும், நான் பதினேழு வருஷமா அப்படித்தான் போய் குளிக்கிறேன்.

முதல்ல பிப்ரவரில ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாங்க, எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. மீன்குளத்துக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போவோம், அப்பதான் மடவை கதவுகிட்ட வரும். வரும்போது கும்பகோணம் டிகிரி காப்பிப்பொடி ரெண்டு கிலோ எடுத்துட்டு வா, கோனா காப்பி நல்லாத்தான் இருக்கு ஆனா சிக்கரி இல்லாம வாணிக்கு எறங்க மாட்டேங்குது. அம்மாவ ரொம்பக் கேட்டேன்னு சொல்லு, இடுப்புக்கு இப்ப எப்படி இருக்குன்னு மறக்காம எழுது.

உன்
முருகேசன்