மூன்று மாதத்துக்கு ஒரு தரம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் பேரணாம்பட்டுக்காரன். வயது 63. தோல் பதனிடும் ஷாப்பில் சாயம் ஏற்றும் டிரம்மில் 26 வருடம் வேலை பார்த்தவன். 2019-லிருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு இருக்கிறேன். இதுவரை நான்கு முறை கட்டியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். போன மாதம் கேமரா விட்டுப் பார்த்ததில் ஐந்தாவது தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மறுபடியுமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி எழுத ஆரம்பித்தது இந்தக் கடிதம்.

முதலில் வந்தது சிறுநீரில் ரத்தம். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. இரண்டு நாள் வந்து தானாக நின்றது. எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் சிவப்பாகப் போனால் "உடம்பு சூடு" என்று இளநீரும் நீர்மோரும் குடிப்போம். நானும் குடித்தேன். மறுபடி வந்தபோது ஒரு கிளினிக்கில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது. ஸ்கேன் எடுக்கச் சொன்னது மூன்றாவதாகப் பார்த்த டாக்டர். வலியில்லாமல் ஒரே ஒரு தரம் ரத்தம் வந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று இப்போது டீக்கடையில்கூட நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் துறை அதை ஒரு போஸ்டராக அடித்துப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஷாப்புகளின் வாசலில் ஒட்டலாம். இந்த நோய்க்கு முதல் காரணம் புகை. அடுத்து வருவது பென்சிடின் போன்ற சாயப் பொருட்கள். அந்தச் சாயங்களை 1990-களிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் உள்ளே போன விஷம் நோயாக வெளியே வர இருபது, முப்பது வருடம் ஆகும். அந்தக் காலத்து டிரம் ஆட்களுக்கு இப்போதுதான் என் வயது. நான் பீடியும் குடித்தவன்; 2019-ல் விட்டேன். எனக்கு எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி நான் சொல்ல வந்தது. இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது நூற்றில் சுமார் 75 பேருக்குச் சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நிற்கும், தசைக்குள் இறங்கியிருக்காது. அதனால் உடனே உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ திரும்பி வரும். வீரியம் அதிகமான வகை என்றால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஐந்து வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒரு தரம். அதன்பிறகு வருடா வருடம். நடுவில் திரும்பி வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அரசாங்கத்தின் திட்டங்கள் ஒரு ஆபரேஷனை நினைத்துப் போடப்படுகின்றன. எங்கள் நோயோ வருடக் கணக்கில் நடப்பது. ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உதவியது, நன்றி மறக்க மாட்டேன். என்னை மூழ்கடித்தது அதற்கு அப்புறமான சோதனைகளும் பஸ் சார்ஜும் போன நாள் கூலியும்தான். என் மனைவியின் செயின் அடகிலிருந்து மீளவே இல்லை.

2021-ல் இரண்டாவது கட்டி 'ஹை கிரேடு', அதாவது வீரியம் அதிகமான வகை என்று ரிப்போர்ட் வந்ததும் பி.சி.ஜி. போட்டார்கள். குழந்தைக்குத் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான், அளவுதான் பல மடங்கு. கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற டாக்டர் 1976-ல் இதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் எங்களுக்கு முதல் மருந்து இதுதான். வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு இடைவெளி விட்டு மூன்று மூன்று வாரமாக, மூன்று வருடம்வரை. சிறிய டியூப் வழியாகப் பைக்குள் விடுவார்கள், இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். ஒரு கட்டில், பயிற்சி பெற்ற நர்ஸ், மருந்து கெடாமல் வைக்க ஃபிரிட்ஜ், சுத்தமான கக்கூஸ். இவ்வளவுதான்.

இதற்காக விடிகாலையில் கிளம்பி குடியாத்தம் வழியாக வேலூர் போய், மருந்தை விட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். மருந்து போட்ட அன்று கால் மணிக்கு ஒரு தரம் அவசரம் வரும், எரியும், காய்ச்சலும் வரும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அடக்க முடியாமல் ஒரு நாள் நனைந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒன்றும் சொல்லாமல் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, தண்ணீர் கொட்டியதுபோல் ஆக்கிவிட்டாள். அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

2022-ல் இரண்டு மாதம் கடைகளில் மருந்தே இல்லை. தவணை தவறியது. அந்த வருடக் கடைசியில் மூன்றாவது கட்டி. மருந்து கிடைத்திருந்தால் வந்திருக்காது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது டாக்டர் சொல்வது, இந்த முறையும் ஹை கிரேடு என்றால் பையை எடுத்துவிடலாம் என்று. தள்ளிப்போட்டால் தசைக்குள் இறங்கிவிடும் என்பது எனக்குப் புரிகிறது, எடுக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் வேறு வழி என்னென்ன உண்டு என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஜெம்சிடபைன், அடுத்து டோசிடாக்சல் என்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் விடுகிற முறை இருக்கிறது. இரண்டுமே பழைய மருந்துகள், இந்தியாவிலேயே தயாராகின்றன. பி.சி.ஜி.க்கு நோய் கட்டுப்படாதவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி ஊசியை அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. 2022-லும் 2024-லும் இன்னும் புது மருந்துகள் வந்தன. அவற்றின் விலை எங்களுக்கு எட்டாதது. எடுத்தே ஆக வேண்டும் என்றாலும், சிறுநீர் சேர வயிற்றில் ஒட்டும் பையா, குடலிலேயே புதுப் பை தைப்பதா என்று கேட்டு முடிவெடுக்க எனக்கு உரிமை உண்டு அல்லவா?

அதனால் கேட்கிறேன். மூன்று வருடத்துக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் வரும் என்று 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு மையம் அமையும்போது, கையில் ஏற்றுகிற கீமோவோடு நிறுத்தாமல், பைக்குள் விடுகிற மருந்துகளையும் சேருங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இதற்கு ஒதுக்கினாலே பேரணாம்பட்டுக்காரர்களுக்குப் பாதிப் பயணம் மிச்சம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள், சிறுநீரக அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து, திரும்பி வந்த நோயாளியின் ஃபைலைப் பார்க்கட்டும். காசுள்ளவர் இரண்டாவது கருத்துக்குச் சென்னைக்கும் மும்பைக்கும் போகிறார். எங்களுக்கு அது ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைக்கட்டும். கேமரா சோதனைக்கும் காப்பீட்டில் வருடக் கணக்கில் இடம் வேண்டும். பையை எடுத்தவர்களுக்கு வயிற்றில் ஒட்டும் பை மாதாமாதம் கிடைக்க வேண்டும். பி.சி.ஜி. தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். கிண்டியில் 1948-லிருந்து ஒரு பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் இருக்கிற மாநிலம் இது. சிறுநீர்ப்பைக்கான மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்க அந்த ஆய்வுக்கூடம் என்ன செய்ய முடியும் என்று மத்திய அரசிடம் நீங்கள் பேச வேண்டும்.

அடுத்த வாரம் ஐந்தாவது கட்டியை எடுக்கச் சேர்கிறேன். பயாப்ஸி ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு எந்த ஊருக்கு, யாரிடம் போவது என்று இன்னும் தெரியவில்லை. அடுக்கம்பாறைக்கு வா என்று சொன்னால், அன்றைக்கே முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டிலிருந்து ஒரு நோயாளி