முந்தானையில் முடிந்து வந்த குமிழ்ப்பட்டி

அன்புடையீர்,

வெள்ளத் தண்ணீர் வடிந்து இன்று பதினோராவது நாள். சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே படிந்திருக்கும் சேற்றுக்கோட்டை நான் இன்னும் துடைக்கவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த என் அலமாரியின் இரண்டு தட்டுகளில், சினிமாவில் வரும் பொருட்களின் நகல்களைச் செய்வதற்காக நான் சேர்த்த துண்டுகளில் என்னென்ன இருந்தன என்பதும், அந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது என்பதும் இதைப் படிக்கும் அநேகருக்குத் தெரியும் என்பதால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி, எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் எனக்குத் திருப்பித் தந்த பொருளை உள்ளங்கையில் வைத்தால் அது இருப்பதே தெரியாது. அதற்கு இத்தனை பெரிய மடலா என்று கேட்பவர்களுக்காக, அது என்னவென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் ஒளிவாளின் பிடி, ஒரு காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தம் பெரிய கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்ட ஃபிளாஷ் கைப்பிடிதான். கிராஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு, உள்ளே மூன்று பேட்டரி போடும் குழாய். படத்தின் அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் தூசி படிந்த பெட்டிக்குள் இந்தக் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். அதைச் சுற்றிக் கறுப்புப் பட்டிகளைப் பசையால் ஒட்டினார். நடுவிலுள்ள கவ்வியில், பழைய கால்குலேட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய நிறமற்ற பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். இத்தகைய வாள்பிடிகளின் நகல்களைச் செய்யும் நாங்கள் குமிழ்ப்பட்டி என்று சொல்வது இந்தத் துண்டைத்தான். எழுபதுகளின் கால்குலேட்டர்களில் சிவப்பு எல்இடி எண்கள் எறும்பளவே இருந்ததால், எண்ணுக்கு ஒன்றாக மேலே சிறு குமிழ்களை வரிசையாக வைத்து அவற்றைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். படத்தில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எக்சாக்ட்ரா வகையிலிருந்து வந்தது என்று சேகரிப்பாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

என்னிடம் இருக்கும் குழாய் அசல் கிராஃப்ளெக்ஸ் அன்று. அசலின் விலையை என் சம்பளம் தாங்காது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைக் குழாயைக் கடைந்து வாங்கி, குரோம் பூசி, விளக்கு வெளிச்சத்தில் இரவிரவாகப் பொருத்திய ரெப்ளிகா, அதாவது நகல், அது. அதில் அசலென்று சொல்லிக்கொள்ள இருந்தது குமிழ்ப்பட்டி ஒன்றே. நான்கு வருடம் தேடிக் கிடைத்த செத்துப்போன ஒரு கால்குலேட்டரைப் பிரித்து, ஏழு குமிழ்கள் மட்டும் நிற்கும்படி ஓரத்தை ரம்ப பிளேடால் மயிரிழை மயிரிழையாக அறுத்து, அரத்தால் தேய்த்து எடுத்தேன். கை நழுவிக் கீறல் விழுந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை என்ற பயத்தில் அன்று விசிறியைக்கூட நிறுத்திவிட்டிருந்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு குழாய் கிடைத்தது, கவ்வி கிடைத்தது, குமிழ்ப்பட்டி கிடைக்கவில்லை. ஊறிப்போன அட்டைப்பெட்டிகளோடும் மெத்தையோடும் அதையும் நானே வாசலில் வாரிக் கொட்டியிருக்க வேண்டும். அதைத் தேடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைகளின் சான்றிதழ்களே கூழாகிக் கிடந்தபோது, கால்குலேட்டர் துண்டு ஒன்றைக் காணவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாம் நாள் காலை அந்த அக்கா வந்து, கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பாலித்தீன் உறை. அதற்குள், கழுவித் துடைத்த குமிழ்ப்பட்டி.

"மாத்திர அட்டன்னுதான் சார் மொதல்ல நெனச்சேன். ஒடச்சுப் பாத்தா ஒடையல. ஓரத்தப் பாத்தேன், அளந்து அறுத்துருக்கு. அளந்து அறுத்தத யாராச்சும் குப்பைன்னு போடுவாங்களா?"

இரண்டு நாட்களாக அதை முந்தானையிலேயே வைத்துக்கொண்டு ஒன்பது வீடுகளில் கேட்டிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் தெருவிலிருந்து அவர் அள்ளிய சேற்றுக்கும் சாமானுக்கும் கணக்கே கிடையாது. அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அதை நான் விசாரித்தது அவர் இதைக் கொடுத்த பிறகுதான் என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று முதல் அவர் கேட்ட கேள்வி மனதை விட்டு அகலவில்லை. நான் நேசிக்கும் இந்தக் கலை முழுவதும் வேண்டாமென்று கழித்த பொருட்களால் ஆனது. அதே படத்தில் வரும் லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் வாள்பிடியில் ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் குழாய்த் துண்டும், முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கி எறிகுண்டின் உடலும், தண்ணீர்க் குழாயின் திருகும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வில்லன் டார்த் வேடரின் வாள்பிடி இன்னொரு ஃபிளாஷ் கைப்பிடி, அது எம்பிபி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தினுடையது. அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு 1978இல் ஆஸ்கர் கிடைத்தபோது விருது பெற்ற நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர். தூசிப் பெட்டிக்குள் கை விட்டு இது வேறொன்றாக ஆகும் என்று கண்டவர் அவர். சேற்றுக்குள் கை விட்டு இது ஏற்கெனவே ஏதோ ஒன்றின் பகுதி என்று கண்டவர் எங்கள் அக்கா. இரண்டாவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாயம் எதுவும் இல்லாமல் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்கு மன்னிக்க வேண்டும். மாடியில் பாய் விரித்து இருநூற்றுச் சொச்சம் துண்டுகளையும் வெயிலில் காயவைத்து, காக்கை தூக்காமல் மாறி மாறிக் காவல் இருந்த பிள்ளைகள், பச்சைக் களிம்பு ஏறிய பித்தளைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கெதுக்குப்பா மருந்து?" என்று புளியைக் கரைத்து அரைமணி நேரத்தில் பளபளப்பாக்கிய இரண்டாம் மாடிப் பாட்டி, சர்க்யூட் பலகைகளைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து தேங்கிய தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த நண்பர், நெளிந்த வளையத்துக்குப் பதில் புதியதைக் கடைந்து கொடுத்துக் கூலி வேண்டாமென்ற பட்டறைக்காரர், கறுப்புப் பட்டிகளின் அளவுகளை நள்ளிரவில் அனுப்பிவைத்த, நான் நேரில் பார்த்தேயிராத சக ஆர்வலர்கள்: எல்லோரையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புளி விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு: குரோம் பூச்சின் மேல் யாரும் அதை முயன்று பார்க்க வேண்டாம். பாட்டிக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

நேற்று மாலை குழாயை மறுபடி பூட்டினேன். கவ்வியை மூடும் வேலையை மட்டும் வைத்திருந்து, அக்காவைத் தேநீருக்கு அழைத்தேன். பட்டியை அவரே செருகினார். நெம்புகோலை அழுத்தியதும் கவ்வி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எரியுமா என்று கேட்டார். எரியாது என்றேன். படத்தில் மட்டும் எப்படி எரிந்தது என்றார். ஒளியைத் திருப்பியடிக்கும் நாடா சுற்றிய கோலை மோட்டாரால் சுழலவிட்டுப் படமெடுத்து, மிச்சத்தைப் பிறகு சேர்த்தார்கள் என்று விளக்கினேன். "அப்ப அங்கயும் எரியலியா?" என்று சிரித்தார்.

இனி என் அலமாரியின் கீழ்த் தட்டில் எதுவும் இருக்காது. எதையும் வாசலில் கொட்டும் முன் ஒரு முறை சல்லடையில் அலசுவேன். வரும் மாதத்தில் அக்கா வீட்டின் தரைக்குச் சிமெண்ட் பூசும் வேலையில் நானும் என் நண்பர்கள் மூவரும் கைகொடுப்பதாக அவர் மகனிடம் பேசியாகிவிட்டது. லேத் அளவுக்கு இல்லாவிட்டாலும் மட்டப் பலகை பிடிக்கத் தெரியும்.

முதல் மாடி வீட்டாரின் நின்றபடி சுழலும் மின்விசிறி இன்னும் என்னிடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துடைத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
தரைத்தளத்துக்காரன்