டிக்கெட்ட தமிழ்ல எழுதுனா என்னங்க தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல சின்ன ஐடி கம்பெனிங்களுக்கு எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் சரிப்படும்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, டீக்கடையில நின்னே படிச்சு முடிச்சேன். எதுல என்ன வசதி, மாசம் தலைக்கு எவ்வளவுன்னு கட்டம் போட்டு நல்லாத்தான் குடுத்திருந்தீங்க. ஆனா வாங்கிப் போட்டதுக்கப்புறம் முதல் மாசம் ஆபீஸ்ல என்ன நடக்கும்னு ஒரு வரி கூட இல்லீங்க. எல்லாரும் கவுந்து போறது அங்கதான். நாங்களும் கவுந்தோம், ரெண்டு தடவை. கடைசியில எங்களைத் தூக்கி நிறுத்தினது டிக்கெட்ட, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் டூல்ல போட்டு வெக்கற குறிப்பை, தமிழ்ல எழுதினதுதான்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில டீம் லீட். மொத்தம் 7 பேர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக், ஜாப் வொர்க் கணக்கு பாக்கற சாஃப்ட்வேர் பண்றோம். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பி, அங்கிருந்து சாயப்பட்டறை, அப்புறம் காம்பாக்டிங், கட்டிங்னு துணி ஊரெல்லாம் சுத்தும், போற எடத்துக்கெல்லாம் சலான் போடணும், நடுவுல எடை குறையும், குறைஞ்சதுக்கும் கணக்கு வேணும். இத்தனையும் எழுதற எங்க டீமோட சொந்த வேலைக்கு கணக்கு எங்க இருந்துதுன்னா வாட்ஸப் குரூப்புல. சலான்ல எடை மாறுதுன்னு ஒரு கிளையன்ட் வாய்ஸ் நோட் அனுப்பினாரு, அன்னைக்கு யாருக்கோ பொறந்தநாள், கேக் படத்துக்கு அடியில அது புதைஞ்சு போச்சு. மூணு வாரம் கழிச்சு மாசக் கணக்கு முடிக்கும்போது போன் வந்துது பாருங்க, அதை இங்க எழுத முடியாது. அதைவிடக் கொடுமை, பதறிப்போய் ரெண்டு பசங்க ஒரே நாள்ல ஒரே பக்கை, அதாவது சாஃப்ட்வேர்ல இருந்த ஒரே தப்பை, ரெண்டு விதமா சரி பண்ணி வெச்சிருந்தாங்க, ஒருத்தனுக்கு இன்னொருத்தன் பாக்கறது தெரியல.

சரி டூல் போடலாம்னு எங்க முதலாளி ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. பேரு வேண்டாங்க, தப்பு டூல் மேல இல்ல, எங்க மேலதான். பெங்களூர்ல பெரிய கம்பெனில இருக்கற ஃப்ரெண்டுகிட்ட கேட்டு வேலை எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்ட அவங்க வெச்சிருந்த ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் அப்படியே தூக்கி வெச்சேன், மொத்தம் 11. டிசைன் ரிவ்யூ, கோட் ரிவ்யூ, ரெடி ஃபார் க்யூஏன்னு வரிசையா நிக்குது. எங்ககிட்ட க்யூஏன்னு, அதாவது டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுக்குன்னு, தனியா ஆளே கிடையாதுங்க, அக்கவுன்ட்ஸ் பாக்கற அக்காதான் சாயந்திரம் வேலை முடிஞ்சதும் டெஸ்ட் பண்ணிக் குடுப்பாங்க. மூணு வாரத்துல பாத்தா எல்லா டிக்கெட்டும் போர்டுல முதல் கட்டத்துலயே உக்காந்திருக்கு, பசங்க மறுபடி வாட்ஸப்புக்கே போய்ட்டாங்க.

சாஃப்ட்வேர் வேலையை சின்னச் சின்னதா பிரிச்சு செய்யற முறையை அஜைல்னு சொல்றோமே, அதோட அறிக்கை 2001 பிப்ரவரில அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துல ஸ்னோபேர்டுங்கற பனிச்சறுக்கு ஊர்ல 17 பேர் கூடி எழுதினது. அதுல அவங்க வரிசைப்படுத்தின முதல் விஷயமே, முறையையும் கருவியையும் விட ஆளுங்களும் அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதும் பெருசுங்கறதுதான். அதுல இருந்து வந்த வழக்கத்தை வெச்சுட்டு நாம முதல்ல தேடறது கருவியைத்தான், வேடிக்கையா இல்ல?

ரெண்டாவது தடவை சுதாரிச்சுட்டேன். மூணே கட்டம்: செய்யணும், செஞ்சுட்டிருக்கோம், முடிஞ்சுது. ரெண்டு வாரம் டூலே தொடல, செவுத்துல கலர் சீட்டு ஒட்டினோம். சீட்டை வெச்சு வேலையை நகத்தற முறையை கான்பான்னு சொல்றாங்களே, அதோட மூலமே இதுதானுங்க, ஜப்பான்ல டொயோட்டா பாக்டரில பாகத்தோட கூடவே ஒரு அட்டை போகும், அந்த அட்டை திரும்பி வந்தாத்தான் அடுத்தது செய்யணும். சாயப்பட்டறைக்குப் போற பண்டல்ல சீட்டு கட்டி அனுப்பறோமே, பாத்தவங்களுக்கு உடனே புரிஞ்சுடும். ஒருத்தர் கையில ஒரே நேரத்துல ரெண்டு சீட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு ரூல். அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1961ல நிரூபிச்சது. வாரத்துக்கு 5 வேலை முடிக்கற டீம்ல 20 வேலை பாதியில கெடந்தா ஒரு வேலை முடிய சராசரியா 4 வாரம் ஆகும், 10 கெடந்தா 2 வாரம். யாரும் கூட ஒரு மணி நேரம் உக்கார வேண்டியதில்ல. இதை எங்க முதலாளிக்கு போர்டுல எழுதிக் காட்டினப்பதான், எல்லாத்தையும் இன்னைக்கே ஆரம்பிங்கன்னு சொல்றதை கொஞ்சம் நிறுத்தினாரு.

அப்புறம் செவுத்துல இருந்ததை டூலுக்கு மாத்தினோம், நல்லாத்தான் ஆரம்பிச்சுது, ஆனா டிக்கெட்டைத் திறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. தலைப்புல 'பில் இஷ்யூ', 'ஸ்டாக் நாட் வொர்க்கிங்'. டிஸ்க்ரிப்ஷன் காலி. என்ன பில், எந்த ஸ்க்ரீன், எப்ப வருதுன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுந்து போய் கேக்கணும், அதுக்கு வாட்ஸப்பே தேவலை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி இருக்கான், அவன்தான் இதுல மோசம். வாயைத் திறந்தா பக்கை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வந்துருவான், எழுதச் சொன்னா ரெண்டு வார்த்தை. ஒருநாள் தனியா கூட்டிட்டுப் போய் ஏன்டா இப்படின்னு கேட்டேன். "அண்ணா, நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல எழுதி தப்பாயிடுச்சுன்னா எல்லாரும் பாப்பாங்கல்ல, அது போர்டுலயே இருக்கும்ல"ன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நானும் தமிழ் மீடியம்தானுங்க, பதினஞ்சு வருஷத்துல மறந்துட்டேன்.

மறுநாள் ஸ்டேண்டப்ல, அதாவது டீம் நின்னுட்டே பேசற சின்ன மீட்டிங்ல, சொல்லிட்டேன், தமிழ்ல எழுதுங்க, பேசற மாதிரியே எழுதுங்க, போன்ல பேசி டைப் பண்ணாலும் சரி. அந்த வாரம் அவன் எழுதின டிக்கெட்ட அப்படியே தரேன்:

"சலான் ஸ்க்ரீன்ல 124.365 கிலோன்னு போட்டு சேவ் பண்ணா 124.37 ஆகுது. பிரிண்ட்ல 124.37, ஸ்டாக்ல 124.365. ரெண்டுலயும் 124.365 தான் இருக்கணும். புது சலான்ல வரல, பழைய சலானை எடிட் பண்ணா மட்டும்தான் வருது."

எந்த ஸ்க்ரீன், என்ன நடக்குது, என்ன நடந்திருக்கணும், எப்ப வருது எப்ப வரல, எல்லாம் இருக்கு பாருங்க. இதுக்கு மேல ஒரு டிக்கெட்ல என்ன வேணும்? அந்த கடைசி வரியாலதான் எங்க தேடணும்னே எங்களுக்கு தெரிஞ்சுது, அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டோம். அக்கவுன்ட்ஸ் அக்காவும் இப்ப நேரா டிக்கெட் போடறாங்க, முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லி நான் எழுதணும்.

சிக்கலே இல்லையான்னு கேட்டா இருக்குங்க. தேடறதுல பெரிய தொல்லை. சலான்னு தேடினா 'சலானை', 'சலானுக்கு'ன்னு எழுதினது எங்க டூல்ல கிடைக்கல, நம்ம பாஷையில வேற்றுமை உருபு ஒட்டிக்குது, அந்த டூலுக்கு அது தெரியாது. அதனால சலான், பில், ஸ்டாக்னு ஆறே ஆறு லேபிள் வெச்சு கண்டிப்பா ஒண்ணு போடணும்னு ஆக்கினோம். கமிட் மெசேஜ்ல, அதாவது ப்ரோக்ராம் கோடை மாத்தி சேத்து வெக்கும்போது எழுதற குறிப்புல, டிக்கெட் நம்பர் போடறதையும் பழக்கினோம், அது போட்டா கோடும் டிக்கெட்டும் தானா சேந்துக்கும், கோடை நெட்ல சேத்து வெக்கற கிட்ஹப்ல நம்பருக்கு முன்னாடி 'ஃபிக்ஸஸ்'னு சேத்துப் போட்டா கோடோட முக்கியப் பிரதியான மெயின் பிராஞ்சுக்குப் போனதும் டிக்கெட்டே மூடிக்கும். அப்புறம் பாலக்காட்டுல இருந்து ஒரு பொண்ணு சேந்திருக்கு, தமிழ் நல்லா பேசும், படிக்க வராது. அதுக்குப் போற டிக்கெட்ட மட்டும் யாராவது பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டறோம். இது சரியான வழின்னு நான் சொல்லமாட்டேன், வேற யோசனை இருந்தா யாராவது எழுதுங்க.

முதலாளிமாருங்களுக்கு ஒண்ணு. யாரு எத்தனை டிக்கெட் முடிச்சாங்கன்னு எண்ணி இன்கிரிமென்ட் போடாதீங்க சாமி. எங்க ஆபீஸ்ல ஒரு மாசம் அப்படி எண்ணினாங்க, ஒரு பட்டன் கலர் மாத்த 3 டிக்கெட் வந்துது.

எந்த டூல்தான் வாங்கறதுன்னு கேப்பீங்க. கோடு ஏற்கெனவே கிட்ஹப்ல இருந்தா அங்கயே டிக்கெட் போட இருக்கற இஷ்யூஸ் போதும், காசு தனியா இல்ல. ஜிராவே வேணும்னா 10 பேர் வரைக்கும் ஃப்ரீ, அந்தப் பேரே காட்ஸில்லாவை ஜப்பான்காரங்க கூப்பிடற கோஜிராவுல இருந்து வெட்டினதுதான், பூதம் மாதிரி வளரும், பாத்து கட்டிப் போடுங்க. சென்னை ஜோஹோகிட்ட ஸ்பிரிண்ட்ஸ்னு ஒரு டூல் இருக்கு. சொந்த சர்வர்லதான் வெப்பேன்னா 2006ல இருந்து இருக்கற ரெட்மைன். எதுல போட்டாலும் வாரம் ஒரு எக்ஸ்போர்ட், அதாவது டிக்கெட் எல்லாத்துக்கும் ஒரு நகல், எடுத்து வெச்சுக்கோங்க. 2022 ஏப்ரல்ல ஜிரா பண்ற அட்லாசியன்லயே பராமரிப்புக்கு ஓட்டின ஒரு ஸ்கிரிப்டுக்கு தப்பான ஐடி போயி 775 வாடிக்கையாளருங்க சைட்டே அழிஞ்சுது, சில பேருக்கு திரும்பி வர 2 வாரம் ஆச்சு. அவ்வளவு பெரிய எடத்துலயே அப்படின்னா, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு நிமிஷம் ஒதுக்கறதுல நமக்கென்ன கஷ்டம்.

அடுத்த தடவை இதைப் பத்தி போடும்போது விலைப் பட்டியலோட நல்லா எழுதின டிக்கெட் ஒண்ணு, மோசமா எழுதினது ஒண்ணு பக்கத்துல பக்கத்துல போடுங்க, தமிழ்லயே போடுங்க. வேணும்னா எங்க தம்பிகிட்டயே கேட்டு அனுப்பறேன். என்ன, இப்ப அவன் எழுதறது ரெண்டு ஸ்க்ரீன் தாண்டிப் போகுது, கொஞ்சம் சுருக்குடான்னு தினமும் சொல்லிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு டீம் லீட்,
கோயம்புத்தூர்.