‘நாளை’ என்று எழுதிய பாவம்

பிப்ரவரி 25, செவ்வாய்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நம்பமாட்டாய், விட்டுவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான்.

ஒரு பாவத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வாட்ஸாப்பில் அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சும்மா விடுவேனா? விடுதி ஆண்டுவிழா வரவேற்புரையின் அதே சுருதி. ‘ஒளியிழந்த விழிகளுக்கு’ என்று தொடங்கி, முகாம் ‘நாளை’ நடைபெறவிருப்பதாகச் சொல்லி, தேதியைக் கடைசி வரியில் கொண்டுபோய் வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினேன்.

அது குழு குழுவாகச் சுற்றியிருக்கிறது. மேலக்கரை ஆச்சியின் பேரன் ஞாயிறு ராத்திரிதான் பார்த்தான். செய்தி நீளம் என்பதால் பாதியில் ‘மேலும் படிக்க’ என்று மடங்கிவிட்டது. அவன் கண்ணில் பட்டது ‘நாளை’ மட்டும். திங்கள் காலை 7 மணிக்கு ஆச்சி இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. “நாளைக்குன்னுதானய்யா போட்டிருந்துச்சு” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை, சேது.

வீட்டுக்கு வந்து நான் எழுதியதை நானே போனில் படித்தேன். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ எண்ணிப் பார், 15 எழுத்து. போனில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கிறது. இப்படி ஒன்று வந்தால் தனக்கென ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறது, மேல்வரி பொக்கைவாயாகிவிடுகிறது. ‘வாருங்கள்’ என்றால் ஐந்தே எழுத்து! அழகுக்காகப் படமாகவும் ஒன்று அனுப்பியிருந்தேன், மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து. பார்வை மங்கியவர்களுக்குப் போனே செய்தியை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. படத்துக்குள் எழுத்தைப் புதைத்தால் அது பெரும்பாலும் திணறிப்போகிறது. கண் முகாமுக்கே இப்படி ஓர் அறிவிப்பு. “இதைப் படிக்கவே தனியா ஒரு முகாம் போடணும்” என்றாள் உன் தங்கச்சி.

சிரிக்காதே. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து, லை, னை எழுத்துகளில் தும்பிக்கை போல இருந்த பழைய சுழி போய் வடிவம் மாறியபோது, ‘யானைக்குத் தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள்’ என்று தமிழையாவிடம் சண்டைக்குப் போனவன் நான். உன் கடிதத்தில் இன்னும் பழைய தும்பிக்கைதான் ஆடுகிறது. படிக்கச் சிரமமாகத்தான் இருக்கிறது, ஆனால் உனக்கு மட்டும் விலக்கு.

அடுத்த முகாமுக்கு எழுதியது இது, வெட்ட வேண்டியதை வெட்டு:

கண் முகாம்.
மார்ச் 16, ஞாயிறு, காலை 9 மணி.
அரசுப் பள்ளி.
ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு கொண்டு வாருங்கள்.

ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். “மதியம் சோறு உண்டான்னு போடலியே” என்றாள். கேட்டுச் சொல்ல வேண்டும்.

உன்
முத்து