ஆடி வெயிலில் நிலத்தை நனைத்தவருக்கு

அன்புடையீர்,

பாடசாலைகளின் இரண்டாம் அணிகளுக்கும் புதிய அணிகளுக்குமாக நாம் ஒழுங்குசெய்த றக்பி சுற்றுப்போட்டி நேற்று மாலை நிறைவுற்றது. விளையாடிய பிள்ளைகள் அனைவரும் பாரதூரமான காயமின்றி வீடு சேர்ந்துவிட்டார்கள் என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே இதை எழுத அமர்ந்தேன். போட்டிக்கென முதலில் ஒழுங்குசெய்த மைதானம் கைவிட்டுப்போன அந்த வாரத்தில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள்; உங்களில் பலர் எம்மோடு சேர்ந்து அலைந்தீர்கள். அதை மீண்டும் விரிக்க விரும்பவில்லை. நன்றி சொல்ல வேண்டியதே நிறைய இருக்கிறது.

இந்தச் சுற்றுப்போட்டி எமக்கு ஏன் இத்தனை முக்கியமாயிற்று என்று சிலர் கேட்டார்கள். சர்வதேச றக்பி சபை 2006இல் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் தொடக்கி, அடுத்த ஆண்டு ருமேனியாவின் புக்கரெஸ்ட்டுக்கும் பின்னாளில் உருகுவேயின் மொண்டிவீடியோவுக்கும் கொண்டுசென்ற நேஷன்ஸ் கிண்ணத்தைப் பார்த்தே இதை அமைத்தோம். ருமேனியா, நமீபியா, ஜோர்ஜியா, உருகுவே போன்ற வளர்ந்துவரும் நாடுகளின் முதல் அணிகளையும், ஆர்ஜென்டீனா, இத்தாலி, ஸ்கொட்லாந்து போன்ற பலமான நாடுகளின் இரண்டாம் அணிகளையும் ஒரே களத்தில் இறக்கிய ஏற்பாடு அது. 2003 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவிடம் 142–0 என்று தோற்ற நமீபியா, 2010இல் புக்கரெஸ்ட்டில் இந்தக் கிண்ணத்தை வென்றது. எமது யாழ்ப்பாண மாவட்டத்திலும் இவ்விரு வகை அணிகளும் இருக்கின்றன. ஏற்கெனவே விளையாடிவரும் பாடசாலைகளின் இரண்டாம் அணிப் பிள்ளைகள் ஆட்டம் கிடைக்காமல் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய அணிகளோ அதே பாடசாலைகளின் முதல் அணியிடம் நொறுங்கிப்போய், அடுத்த வாரம் பயிற்சிக்கு வராமலே விட்டுவிடுகின்றன. இவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தினால் இருவரும் வளர்வார்கள் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையோடுதான், இனி நடக்காது என்று எல்லாரும் சொன்ன பிறகும் மாற்று மைதானம் தேடினோம்.

கிடைத்த மைதானமும் எம்மை அச்சத்தில் ஆழ்த்தியது. சனசமூக நிலையத்தார் மனமுவந்து தந்த அக்காணி அளவில் குறைவற்றது. ஆயினும், பல மாதமாக நல்ல மழை காணாத செம்மண் ஆடி வெயிலில் சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடந்தது. கரப்பந்தாட்டத்துக்கு அது போதும். றக்பியில் ஒரு பிள்ளை ஒரே ஆட்டத்தில் பல தடவை பிடித்து வீழ்த்தப்படுகிறான். தோள் அடிபட்டால் ஆறும், தலை நிலத்தில் மோதினால் என்னாகும் என்பதே பெற்றோரினதும் பயிற்றுநர்களினதும் ஓயாத கவலை. ஆடுகளம் ஆபத்தானது என்று கண்டால் ஆட்டத்தைத் தொடங்காதிருக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றிருப்போம்.

காணியின் வடக்கு வேலிக்கு அப்பால் மிளகாய்த் தோட்டம் செய்துவரும் ஐயா ஒருவர், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். றக்பி ஆட்டம் எதையும் அதற்குமுன் பார்த்திராதவர். பிள்ளைகள் அங்கே பயிற்சி எடுத்த மாலையில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியபின் கோடு கீறுவதற்காக நாம் சுண்ணாம்போடு திரும்பி வந்தபோது, அவருடைய நீரிறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்குக் கீழால் இழுத்துவந்த குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் மைதானத்தின் நடுவில் நின்றார். "உங்கட விளையாட்டு எனக்கு விளங்காது தம்பி. பிள்ளையள் விழுந்து விழுந்து எழும்பிறதைப் பாத்தன். விழுற இடம் இளகி இருக்க வேணும்" என்றார்.

ஆடி மாதத்தில் யாழ். குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக்காரர் ஒருவரிடம் தண்ணீர் கேட்க எவருக்கும் வாய் வராது என்பதை வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்பதே எமது நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். அதனால் அவர் சிறிது நேரம் இறைத்து, இயந்திரத்தை நிறுத்தி, கிணறு ஊறும்வரை காத்திருந்து மறுபடி இறைத்தார். ஒரேயடியாக வெள்ளமாய் விட்டால் மேல்மண் சேறாகிக் கால் வழுக்கும் என்றும், மெல்ல மெல்ல விட்டால்தான் நீர் உள்ளே சுவறும் என்றும் எமக்கு விளக்கினார். விடியும்வரை அவ்வாறே செய்து, பகல் முழுவதும் நிலத்தை ஊறவிட்டு, அன்றிரவு மீண்டும் தெளித்தார். முறைப்படி நீர் பெற வேண்டிய அவருடைய மிளகாய்ப் பாத்திகள் அவ்விரு இரவும் காத்துக் கிடந்தன. ஓடிய மண்ணெண்ணெய்க்காவது பணம் வாங்கிக்கொள்ளும்படி எவ்வளவோ கேட்டோம். அவர் கையை நீட்டவில்லை.

போட்டி நாள் காலையில் தலைமை நடுவர் மைதானத்தைச் சுற்றி நடந்து, பல இடங்களில் சப்பாத்துக் குதியை ஊன்றிப் பார்த்தார். குதி நிலத்தில் பதிந்தது. விளையாடலாம் என்று அவர் சொன்ன கணத்தில் எமது குழுவில் கண்கலங்காதவர் இல்லை.

கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் இரவுப் பேருந்தில் வந்து, அன்றிரவே திரும்பிய நடுவர்களுக்கும், காணி தந்த சனசமூக நிலையத்தாருக்கும், பந்துகளும் பற்காப்புகளும் அனுப்பிவைத்த லண்டன், ரொறன்ரோ பழைய மாணவர்களுக்கும், கோட்டோரத்தை விட்டு அசையாத முதலுதவியாளர்களுக்கும், சமைத்துப் பரிமாறிய மாதர் சங்கத்தாருக்கும், கூலி குறைத்து ஏற்றியிறக்கிய முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்கும் எமது நெஞ்சார்ந்த நன்றி. தயங்கித் தயங்கியேனும் பிள்ளைகளை அனுப்பிவைத்த தாய்மாருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஆட்டங்களைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, பார்த்தவர்கள் சொல்லுவார்கள். தீவகத்திலிருந்து வந்த புதிய அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை, எந்த ஆட்டத்திலும் நொறுங்கவுமில்லை. அவ்வணியின் சிறுவன் ஒருவன் எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகையில் பின்னாலிருந்து பிடிபட்டு, முகம் நிலத்தில் படும்படி விழுந்தான். நாம் மூச்சடக்கி நின்றோம். முதலுதவியாளர் பரிசோதித்து முடிந்ததும், கன்னம் நிறையச் செம்மண்ணோடு எழுந்து சிரித்தான். நீர் விடுவதற்குமுன் இருந்த நிலத்தில் அவன் அப்படி விழுந்திருந்தால், இம்மடலை எழுத எனக்குக் கை வந்திராது.

அவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 2019 ஜூனில் மொண்டிவீடியோவில் நேஷன்ஸ் கிண்ணத்தை வென்ற உருகுவே, அதே ஆண்டு செப்டெம்பரில் உலகக் கிண்ணத்தில் தன்னிலும் பலமான பீஜியை 30–27 என்று வென்றது. அது நடந்த கமாயிஷி மைதானம், 2011 சுனாமியில் அழிந்த பாடசாலைகள் நின்ற இடத்தில் ஜப்பானியர் எழுப்பியது. சுனாமி கண்ட எமக்கு அந்த இடத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. சமபலமுள்ளவர்களோடு தொடர்ந்து ஆடக் கிடைத்தால் சிறிய அணியும் அவ்வளவு தூரம் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் இச்சுற்றுப்போட்டியை ஆண்டுதோறும் நடத்தியே தீருவோம்.

நேற்றிரவு குழு கூடி இரண்டு முடிவுகளை எடுத்தது. அடுத்த ஆண்டுப் போட்டி, நிலத்தில் மாரி ஈரம் காயாத மாசி மாதத்தில் நடக்கும். எவருடைய கிணற்றுக்கும் சுமையாக மாட்டோம். மற்றது ஐயாவுக்குரியது. மழை விட்டபின் வெங்காயம் நடப்போவதாகவும், கூலிக்கு ஆள் பிடிப்பது கடினமாக இருப்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். நாளைக் குறித்துச் சனசமூக நிலையத்தில் சொல்லிவிடுங்கள், ஐயா. எல்லா அணிகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். சாப்பாட்டையும் நாமே கொண்டுவருவோம்.

நன்றியுடன்,
சுற்றுப்போட்டி ஏற்பாட்டுக் குழுவின் சார்பில், செயலாளர்
யாழ்ப்பாணம்