என் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு

ஆரணி, செய்யாறு, போளூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

1983-ல் வாடகை சைக்கிளும் ஜோல்னாப் பையுமாக உங்கள் வாசலில் வந்து நின்ற பையன் நான்தான். இப்போது வேலூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். நாற்பது வருடம் கழித்து நன்றி சொல்ல வருகிறேன், மன்னிக்கவும்.

யாருக்காக வந்தேன் என்று அப்போது ஒழுங்காகச் சொன்னேனோ இல்லையோ. வாஷிங்டனில் 1975-ல் தொடங்கிய சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகக்காரர்கள் வடஆற்காட்டில் கணக்கெடுத்த அதே 11 ஊர்களுக்குத் திரும்பப் போய், புது ரக நெல் வந்த பிறகு யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிற வேலை. "லோன் குடுப்பீங்களா சார்?" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. இல்லை என்று தெரிந்த பிறகும் பாயை விரித்து உட்காரச் சொன்னீர்கள்.

82-83 வறட்சி வேறு. நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டு, கிணறு வற்றி, கருகினதை மாட்டுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் "விளைச்சல் எத்தனை மூட்டை?" என்று கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "சைபர்னு எழுதிக்கோப்பா, மோர் குடிக்கிறியா?" என்றார். அவருக்கு முதல் நன்றி.

அடுத்தது ஒரு அம்மாவுக்கு. நடவு, களை என்று கூலிக்குப் போகிறவர். சாயங்காலம் வந்து அடுப்பில் உலை வைத்துவிட்டு, சிம்னி விளக்கோடு என் எதிரே உட்காருவார். எத்தனை நாள் வேலை, கூலி நெல்லா பணமா, எண்ணெய்க்கு எவ்வளவு என்று நான் கேட்கக் கேட்க, புளியங்கொட்டையைத் தரையில் நகர்த்தி எண்ணிச் சொல்வார். வெற்றிலை பாக்குச் செலவைக் கேட்டபோதுதான் சிரித்துவிட்டார்: "ஏன் தம்பி, நான் வெத்தல போடறதுகூடவா சீமைக்காரனுக்குத் தெரியணும்?"

தெரிந்துகொண்டார்கள் அம்மா. இந்த ஆய்வை வைத்து, அதன் ஆராய்ச்சியாளர்கள் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் எழுதிய புத்தகம் 1991-ல் வெளிவந்தது. வயலில் 1 ரூபாய் வருமானம் கூடினால், டீக்கடை, தையல் கடை, வண்டி வாடகை என்று வயலுக்கு வெளியே இன்னொரு 87 பைசா கூடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். யார் யார் எதை எதை வாங்கினீர்கள் என்று சொல்லாமல் அந்தக் கணக்கு வந்திருக்காது. உங்கள் வெற்றிலைக்கும் அதில் பங்கு உண்டு. சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் வருமானம் கூடியது என்பதும் அதில் வந்த முடிவுதான். மொத்தத்தில் சரி. ஆனால் கூடாத வீடுகளின் திண்ணையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர் என்று தெரியாமல், ஒரு விவசாயி சொன்ன 2 காணியை 2 ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் திரும்பப் போனபோது, "அரை ஏக்கருக்கு மேல முழுங்கிட்டியே!" என்று சொல்லிச் சிரித்தவருக்கும் அவித்த மல்லாட்டையை முறத்தோடு கொண்டுவந்து வைத்த அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இரவில் படிவங்களைச் சரிபார்க்கக் கடைசி பெஞ்சை விட்டுக்கொடுத்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

ஒரு பாக்கி இருக்கிறது. செய்யாறு ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் கடைசியாக ஒட்டிய பங்க்சருக்கு என்னிடம் சில்லறை இல்லை. "அப்புறம் குடு தம்பி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எனக்கு வேலை வரவில்லை. அவர் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், வந்து கொடுத்துவிடுகிறேன்.