மலைநாட்டுக்கு வரும் மருமகளுக்கு: பையில் எதை வைப்பது, எதை விடுவது

அன்புள்ள மருமகளுக்கு,

கோத்தகிரியில் அக்காவும் மச்சானும் சுகமாக இருக்கிறார்களா? நீ ஆடி மாதம் இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்கு வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து இங்கே வீட்டில் வேறு பேச்சே இல்லை. அனுப்பியிருந்த பட்டியலை நிதானமாகப் படித்தேன். இரண்டு கெமரா, 16-35, 24-70, 70-200, ஒரு 35 என்று நான்கு லென்ஸ் (சின்ன எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுக்கும்), பிளாஷ், ட்ரோன், முக்காலி. "எதை விட்டுவிட்டு வருவது மாமா?" என்று கேட்டிருக்கிறாய். பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூடலூரிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் உன்னைப் போலவே அம்மாயி (அம்மாவின் அம்மா), தாத்தா பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை, தேடிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடைய தோளிலும் இதே பாரம்தான் தொங்குகிறது.

ஒரு கெமரா, 24-70, 35. இந்த மூன்றும் போதும். மற்றதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. ஏன் என்பதைச் சொல்கிறேன். பிறகு உன் முடிவு.

முதலில் வானிலை. ஆடியில் தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்து மலைகளில்தான் வந்து முட்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எங்கும் நாள் முழுக்கத் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரைதான். ஆகவே அந்த எண்ணத்தை இந்த முறை விட்டுவிடு. அதே நேரம் மலையைத் தாண்டி அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் போனால் காய்ந்த காற்று வீசும். ஊவா என்னும் அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவதே ஆடி, ஆவணி மாதங்களின் அந்தக் காற்றில்தான். எனவே ஒரே பயணத்தில் மழைக்கும் தூசிக்கும் நீ தயாராக வேண்டும். இரண்டிலும் ஆகாத காரியம் வெளியில் நின்று லென்ஸ் மாற்றுவது. கொழுந்து மலைக்குள் இறங்கிப் பார்த்தால் தெரியும்: செடி இடுப்பளவு, நடக்கிற தடம் ஒரு பாதம் வைக்கிற அகலம், இருபுறமும் இலையெல்லாம் நீர். பையைக் கீழே வைக்கக்கூட இடமிருக்காது. காலையில் மாட்டிய லென்ஸோடுதான் அன்றைய நாள்.

இப்போது 70-200. அதைக் கொண்டுவர உனக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும். பின்னணியை மெழுகாக உருக்கித் தரும் லென்ஸ் அது. நானும் கல்யாணங்களில் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் மூடுபனியில் அதன் பலமே பலவீனம். தூரத்தில் இருப்பவரைக் கிட்டே இழுக்கும்போது, உனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற பனி முழுவதையும் சேர்த்துத்தான் படமெடுக்கிறாய். படம் சாம்பல் பூசியதுபோல் வரும். ஒளி வேறுபாடு இல்லாததால் ஃபோகஸும் பிடிக்க இடமின்றி முன்னும் பின்னும் ஓடும். பத்தடி தூரத்தில் நின்று 35 மி.மீ. லென்ஸில் எடுத்தால், முன்னே நிற்கும் செடியும் ஆளும் தெளிவாக இருப்பார்கள். பின்னே மலை கரைந்துபோகும். மூடுபனியில் பார்க்க வேண்டியது அதைத்தானே. எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டி வைத்துக்கொள். கெமரா வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கிவிடும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிற காரணம் வேறு. பாதையோரம் வான் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே நீள லென்ஸை நீட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். அந்தப் படங்களில் சிவப்புச் சேலை இருக்கும், கூடை இருக்கும், பச்சை இருக்கும். ஆனால் படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்காது. படம் எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. உன் அம்மாயி அந்த மலையில்தான் கொழுந்து எடுத்தார். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் கூடைக் கயிற்றைப் போட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரண்டு கையாலும் கிள்ளினார். அவரை யாரோ பாதையிலிருந்து அப்படி எடுத்திருந்தால் உனக்கு எப்படி இருக்கும்? 35 மி.மீ. உன்னைக் கிட்டே போக வைக்கும். கிட்டே போனால் பேச வேண்டும், பேசினால் யார் மகள் என்று கேட்பார்கள், நீ சொல்வாய். அதன் பிறகு எடுக்கும் படம் வேறு.

ஆனால் பேச்சை நீட்டாதே. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான், விழும். உனக்காகக் கூடையோடு நிமிர்ந்து சிரித்து நிற்கிற நேரம் அவருடைய கூலியிலிருந்து போகிறது. நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில் போ. தோட்டத்துக்குள் படமெடுக்கத் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

16-35 ஏன் வேண்டாம் என்கிறேன்? லயத்து அறை சின்னது, அகல லென்ஸ் இருந்தால்தான் முழுதாக அடங்கும் என்று எழுதியிருந்தாய். அடங்கும்தான். ஆனால் அகல லென்ஸ் சின்ன அறையைப் பெரிய மண்டபமாகக் காட்டிவிடும். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்தது. அந்த நெருக்கம் உன் படத்தில் தெரிய வேண்டாமா? 35 மி.மீ. லென்ஸோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று பார். கட்டிலின் பாதி வெட்டுப்படும், அடுப்பின் ஓரம் மட்டும் தெரியும், தலைக்கு மேலே தகரம் இடிக்கும். அதுதான் அந்த அறையின் உண்மையான அளவு. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் முகம் இழுபட்டுக் கோணலாகவும் வராது. பிளாஷும் தேவையில்லை, 35இன் துளை எஃப் 1.8 வரை அகலமாகத் திறக்கிறதே, கதவைத் திறந்து வைத்தால் அந்த வெளிச்சமே போதும்.

24-70 எதற்கு என்றால், அது அம்மாயியின் படத்துக்காக.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில்தான் அம்மாயி கடவுச்சீட்டு வாங்கி, கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். புறப்படும் முன் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் இரு குடும்பமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட குழுப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்களிடம் பிரதி இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறுமிதான் உன் அம்மா. அம்மாயி நாற்காலியில். சேலைத் தலைப்பு கழுத்துவரை ஏறியிருக்கிறது, கண் நேராக லென்ஸைப் பார்க்கிறது. வலது ஓரத்தில் நிற்கிற என் அப்பாவின் தோளை ஈரம் அரித்துவிட்டது.

அந்தப் படத்தின் மேற்புறம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. சட்டத்தைக் கழற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உரித்தால் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும், முகங்களும் போய்விடும். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு உன் 24-70 இன் எழுபது முனை பொருத்தம்: கிட்டே போய் ஃபோகஸ் பிடிக்கும், கோடுகளை வளைக்காது. படத்தை வாசலோரம் சுவரில் சாய்த்து வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செய்து, கெமராவைப் படத்துக்கு நேர் எதிரே, மட்டம் பிசகாமல் பிடி. லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்துக்கொள். நேர் எதிரே நின்றால் கண்ணாடியில் உன் உருவமே தெரியும். போலரைசர் பில்டர் அங்கே உதவாது, அது சரிவாக விழும் பிரதிபலிப்பைத்தான் வெட்டும். உனக்குப் பின்னால் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் கண்ணாடி கறுத்துவிடும், படம் மட்டும் தெரியும். கறுப்புக் குடைக்கு ஹட்டனில் பஞ்சமில்லை. முழுப் படத்தை எடுத்த பிறகு ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகவும் எடு. பின்பக்க அட்டையையும் எடு. பென்சிலால் எழுதிய பெயர்கள் இருக்கின்றன.

லயத்தில் இன்னும் சில வீடுகளில் இப்படிப் படங்கள் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். எடுத்ததை அன்றே டவுனில் பிரதி போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிப் போனவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

போலரைசரைக் கொண்டுவா, அதை விடாதே. மழை நின்ற உடனே தேயிலை இலை ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பளபளக்கும். பச்சை தெரியவே தெரியாது. பில்டரைத் திருப்பினால் பச்சை எழும்பி வரும். ஒன்றரை, இரண்டு படி வெளிச்சத்தை அது தின்னும் என்பதால் இருட்டு நேரத்தில் கழற்றிவிடு.

சில்லறைச் சாமான்கள்: இரண்டு பருத்தித் துவாய், லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்னே மாட்டும் மறைப்பு), ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மூடினால் காற்றுப் புகாத பெரிய பை ஒன்று. தூறலை முதலில் தடுப்பது ஹூட்தான். அதிகாலைக் குளிரில் வெளியே இருந்துவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். வெளியில் இருக்கும்போதே கெமராவை அந்தப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்ததும் சூடு ஏறும் வரை அரை மணி நேரம் விட்டு வை. ஈரத்தோடு அலுமாரியில் பூட்டி வைக்கிற லென்ஸில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. பேட்டரி மூன்று போதும். குளிரில் சீக்கிரம் இறங்கும், ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள். விமானத்தில் உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போடாதே. இங்கே புதிய பிளக்குகளுக்குச் சதுர முள், உங்கள் ஊரின் உருண்டை முள் எல்லா இடத்திலும் ஏறாது. ஓர் அடாப்டர் வாங்கி வா.

ட்ரோனுக்கு இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவில் அனுமதியின்றி எழுப்பவே கூடாது. ஆடிக் காற்றில் அதைப் பறக்கவிடுவதற்கும் மனசு வராது. முக்காலியையும் விடு. அருவியை மெழுகாக்க ஆசையிருந்தால் பாலத்துச் சுவரில் கெமராவை வைத்துக் கால் விநாடி கொடு.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்க வேண்டும் என்றாய். 1921இல் கட்டி முடித்தது, இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. 24-70 அதற்குத் தாராளம். பட்டிப்பொல 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இந்த நாட்டில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். வண்டி ஓடுகிறதா என்று முந்தின நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்வோம், மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும். வாசலில் தொங்கிக்கொண்டு படமெடுக்க மட்டும் விடமாட்டேன். பாறையை வெட்டிய இடங்களும் சுரங்கங்களும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வருகின்றன.

இரண்டாவது கெமராவை விட மனமில்லாவிட்டால் ஒன்று சொல்கிறேன். என்னிடம் பழையதொன்று இருக்கிறது, பழுதானால் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உன் லென்ஸ் அதில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். உன் கெமராவின் மாடலை எழுது. டிக்கெட் எடுத்ததும் திகதியையும் சேர்த்து அனுப்பு. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வர வான்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா